மூக்கு உடையாத மான் மண்டையோடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராமப்புறத்து வீடுகளுக்குப் போனால் கராஜிலோ நிலவறையிலோ ஒரு மான் மண்டையோடாவது மாட்டியிருக்கும். வருகிறவர்கள் கொம்பைத்தான் பார்ப்பார்கள். எத்தனை முனை, இரண்டு கொம்புக்கும் நடுவே எவ்வளவு அகலம், அடிப்பாகம் எவ்வளவு தடிமன் என்று பேச்சு அதிலேயே சுற்றும். நான் கிட்டே போய் மூக்குப் பொந்துக்குள் எட்டிப் பார்ப்பேன். உள்ளே அந்த மெல்லிய எலும்புச் சுருள்கள் முழுசாக இருந்தால், செய்தவர் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிடும். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. தளதளவென்று கொதிக்கவிட்டதிலோ பிரஷர் வாஷரின் வேகத்திலோ எல்லாம் பிய்ந்து போயிருக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய நாசி எலும்புகளும் பாதியில் ஒடிந்திருக்கும்.

மானை உயிரோடு வைத்திருந்ததே அந்த மூக்குதான். காட்டில் ஒரு தரமாவது வெள்ளைவால் மானுக்காகக் காத்து உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். அசையாமல் இருந்தால் அதன் கண்ணை ஏமாற்றிவிடலாம். சத்தம் போடாமல் இருந்தால் காதிலிருந்தும் தப்பலாம். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து மானை நோக்கி வீசினால் அன்றைக்கு வேட்டை முடிந்தது. மரத்தில் ஏறுவதற்கு முன் எல்லோரும் காற்றுத் திசை பார்ப்பது அந்த மூக்குக்குப் பயந்துதான். அப்படிப்பட்ட மூக்கை உடைத்தெறிந்துவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டிலேயே மண்டையோட்டைச் சுத்தம் செய்து மாட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்: சூடு, நேரம், மருந்து என எதை முடிவு செய்தாலும் மூக்கை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் தானாகச் சரியாக வரும்.

இங்கே இதை ‘யூரோப்பியன் மவுண்ட்’ என்பார்கள், பேச்சு வழக்கில் ‘யூரோ’. தோல், சதை, மூளை எல்லாம் நீக்கி, வெளுத்த மண்டையோட்டைக் கொம்போடு மாட்டுவது. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்து வேட்டை மாளிகைகளில் பல நூற்றாண்டுகளாக இருக்கிற வழக்கம். டிரெஸ்டன் நகருக்கு அருகே மோரிட்ஸ்பர்க் அரண்மனை இருக்கிறது. சாக்சனி மன்னர்களின் வேட்டை மாளிகை. அங்கே சாப்பாட்டு மண்டபச் சுவர் முழுக்கச் செம்மான் கொம்புகள். அரசர்கள் அதைத் தங்கள் பெருமைக்காக மாட்டினார்கள். சாதாரண ஜெர்மன் வேட்டைக்காரர்கள் சின்ன ரோ மானின் மண்டையோட்டைக்கூடச் சிறு மரப்பலகையில் பொருத்தி வைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் பலரும் விரும்புவது ‘ஷோல்டர் மவுண்ட்’. கழுத்தும் தோளும் சேர்ந்து சுவரிலிருந்து மான் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்குமே, அது. அதில் தோலுக்கு அடியில் இருப்பது ஃபோம் அச்சு. கண்கள் கண்ணாடி. பதனிட்ட தோலும், கொம்பும், கொம்பைத் தாங்கும் ஒரு துண்டு எலும்பும்தான் மானுடையது. நல்ல கைவினைஞர் செய்தால் பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பல நூறு டாலர் ஆகும், பல மாதம் காத்திருக்கவும் வேண்டும். எனக்கு யூரோதான் பிடிக்கும். அதில் நாம் சேர்த்தது எதுவும் இல்லை. நாம் செய்வதெல்லாம் எடுப்பதுதான்.

நாங்கள் இருப்பது மாடிசனுக்கு மேற்கே, பனிப்பாறைகள் தேய்க்காமல் விட்டுப்போன மேடுபள்ளமான நாடு. ட்ரிஃப்ட்லெஸ் என்பார்கள். ஓக் காடும் மக்காச்சோள வயலும் மாறி மாறி வரும், மானுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஒன்பது நாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் உரிமம் கிடைக்கும். நானும் என்னைவிடப் பாதி வயசுப் பையன்களோடு உட்கார்ந்து அந்த வகுப்பை முடித்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். வடமேற்குக் காற்று அடித்த ஒரு காலையில் எட்டு முனைக் கொம்போடு ஓர் ஆண் மான் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. கறி ஃப்ரீசருக்குப் போனது, மிளகு போட்டு வறுத்தும் சாப்பிட்டோம். தலையை நான் வைத்துக்கொண்டேன்.

கத்தியை எடுக்கும் முன் ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். வட அமெரிக்க மான்களிடையே க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று ஒரு நோய் பரவிக்கொண்டிருக்கிறது. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. விஸ்கான்சினில் 2002இல் கண்டுபிடித்தார்கள், அதுவும் எங்கள் பக்கத்திலேயே, மவுண்ட் ஹோரப் ஊரை ஒட்டி. இதற்குக் காரணம் கிருமி கிடையாது. ப்ரியான் என்கிற, மடிப்புத் தவறிய புரதம். மூளை, தண்டுவடம், கண், நிணநீர் முடிச்சுகள் ஆகிய இடங்களில் அதிகம் சேரும். கொதிக்க வைத்தால் சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையினரின் அறிவுரை. மண்டையோடு செய்கிறவர்கள் கை வைப்பது மூளையிலும் கண்ணிலும் என்பதால் நமக்கு அக்கறை ஒரு படி கூடுதலாகவே வேண்டும்.

மாநில இயற்கை வளத் துறை இலவசமாகப் பரிசோதிக்கிறது. தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சுகள்தான் அவர்களுக்குத் தேவை. தலையை அப்படியே பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் திரும்பக் கிடைக்காது. மாட்டி வைக்கப் போகிறோம் என்று சொன்னால், மாதிரி எடுக்கும் இடங்களில் முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டு தலையைத் தருவார்கள். நான் அப்படித்தான் செய்தேன். முடிவு வரும்வரை தலையைத் தடித்த பையில் கட்டி, தனி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். நோய் இல்லை என்று வந்த பிறகுதான் அடுப்பு மூட்டினேன். அப்படி வந்தாலும் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். மூளையையும் சதைக் கழிவையும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள், காட்டில் வீசாதீர்கள். கத்தி, இடுக்கி போன்ற இரும்புச் சாமான்களைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, ஐந்தில் இரண்டு பங்கு வீட்டு ப்ளீச் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் உலோகத்தின் மேற்பரப்பில் இருக்கும் ப்ரியான் செயலிழக்கும் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ப்ளீச்சுக்கு இந்த வேலையில் அதுதான் இடம். எலும்பில் அதற்கு இடமே கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தோல் உரிப்பது நினைப்பதைவிடச் சுலபம். பிடரியிலிருந்து இரு கொம்புக்கும் நடுவரை ஒரு கீறல், அங்கிருந்து ஒவ்வொரு கொம்பின் அடியையும் சுற்றி ஒரு கீறல். கொம்பு மண்டையிலிருந்து எழும்பும் இடத்தில் சொரசொரப்பான ஒரு வளையம் இருக்கும், அதற்குக் கீழே தோல் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே கத்தியைவிடத் தட்டையான ஸ்க்ரூ டிரைவர் நல்லது, நெம்பி எடுக்கலாம். கன்னத்துச் சதையை அறுத்தால் கீழ்த்தாடை தானாகத் தளரும். அழுத்தி இறக்கினால் மூட்டு கழன்று வந்துவிடும். தாடையைத் தூக்கி எறியாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது. கண், நாக்கு, கழுத்தோடு ஒட்டிய தடித்த சதை எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிட வேண்டும். அடுப்பில் ஏறும் சதை எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைந்த நேரம் எலும்பு சூட்டில் இருக்கும். மூக்குக்கு அதுவே நாம் செய்கிற முதல் உதவி.

மூளையைத் தண்டுவடம் நுழையும் பின்துளை வழியாகத்தான் எடுக்க வேண்டும். வளைத்த கம்பியை விட்டுக் கலக்கி, ஹோஸ் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுச் சாய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வேகமாகத் தண்ணீர் அடித்தால் முகத்தில் தெறிக்கும். மண்டைக்குள் ஒட்டியிருக்கும் தடித்த சவ்வு இப்போது வராது, வெந்த பிறகு இடுக்கியால் பிடித்தால் ஒரே உரியாக வரும்.

அதற்குப் பிறகு பலரும் விட்டுவிடுகிற ஒரு படி, குளிர்ந்த தண்ணீர். ஒரு வாளியில் தலையை மூழ்க வைத்து, தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்றிக்கொண்டே ஓரிரு நாள் விட வேண்டும். எலும்புக்குள்ளும் மூக்கின் சவ்விலும் நிறைய ரத்தம் இருக்கிறது. அதோடு சூட்டில் போட்டால் ரத்தம் பழுப்பாக உறைந்து எலும்பில் ஏறிக்கொள்ளும், பின்னால் எவ்வளவு வெளுத்தாலும் நிழல் போல நிற்கும். நவம்பரில் எங்கள் கராஜே குளிர்பெட்டி மாதிரிதான், வாடை வருமோ என்ற கவலை இல்லை.

இப்போது அடுப்பு. டர்க்கி பொரிக்கிற பெரிய பானையும் ப்ரொப்பேன் அடுப்பும் போதும். “இந்தப் பானை கராஜிலயே கிடக்கட்டும், சமையல்கட்டுப் பக்கம் வரவே கூடாதுங்க” என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்தப் பாத்திரம், கரண்டி, பிரஷ் எதுவும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

கொம்பு தண்ணீருக்குள் போகக் கூடாது. அதன் பழுப்பு நிறம் உள்ளே ஊறியது இல்லை. கோடையில் கொம்பைப் போர்த்தியிருந்த வெல்வெட் தோல் உரியும்போது காய்ந்த ரத்தமும், மான் மரத்தில் தேய்த்தபோது ஏறிய சாறும் சேர்ந்த மேல்பூச்சு அது. வெந்நீர் பட்டால் கழன்றுவிடும். அதனால் கொம்பின் அடிப்பாகத்தில் முதலில் கிளிங் ராப், அதன்மேல் அலுமினிய ஃபாயில். பானையின் வாய்க்குக் குறுக்கே ஒரு கட்டையை வைத்துக் கொம்பை அதில் கட்டிவிட்டால் தலை சரியான உயரத்தில் தொங்கும், அடியைத் தொடாது.

தண்ணீர் கொதிக்கவே கூடாது. என் கணக்கு 85 டிகிரி செல்சியஸ், ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மேலே ஆவி பறக்கலாம், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வரலாம், அவ்வளவுதான். எலும்பு வெறும் சுண்ணாம்பு கிடையாது. தாதுவும் கொலாஜன் என்கிற புரத நாரும் பின்னியது. அந்த நார்தான் எலும்புக்கு உறுதி. அதிகச் சூட்டில் அது ஜெலட்டினாகக் கரைந்து போகும். மண்டையோட்டின் பின்பக்கத் தடித்த எலும்பு கொதியைத் தாங்கும், தாங்கியது போலத் தெரியும். மூக்குக்குள் இருக்கும் சுருள்களில் கரைவதற்கு அதிகம் இல்லை, ஒரு மணி நேரத்தில் ஆட்டம் கண்டுவிடும். குமிழிகளின் அடியே அவற்றை உடைக்கும். அதோடு, தளதளவென்று கொதித்தால் சதையில் உள்ள கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிடும். இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் திட்டாக வெளியே வரும்.

தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம், சலவை சோடா கொஞ்சம். நான் சோடாவைச் சில ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வேன். நிறையப் போட்டால் சதை சீக்கிரம் கரையும், எலும்பின் மேல்தோலும் பொடிப்பொடியாக வரும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தலையை எடுத்து, மழுங்கிய கத்தியாலும் விரலாலும் வந்தவரை உரித்துவிட்டு, தண்ணீரை மாற்றி மறுபடியும் வைக்க வேண்டும். சூட்டோடு சூடாக இருக்கும்போதே உரியுங்கள், ஆறினால் சதை மீண்டும் இறுகிவிடும். வெந்த தலையைப் பச்சைத் தண்ணீரில் முக்காதீர்கள். பல் விரிசல் விடும்.

இனி மூக்கு. மானின் மேல்தாடைக்குள் இரண்டு பக்கமும் வெங்காயச் சருகு போல மெல்லிய எலும்புகள் உள்நோக்கிச் சுருண்டு சுருண்டு போகும். உயிரோடு இருக்கும்போது அவை முழுக்க ஈரச் சவ்வு போர்த்தியிருக்கும். முன்பக்கச் சுருள்கள் வருகிற காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும். பின்பக்கத்துச் சுருள்கள் வாசனை பிடிக்கும். அங்கே சல்லடை மாதிரித் துளைகள் கொண்ட ஒரு தட்டு உண்டு, அதன் வழியாகத்தான் நரம்புகள் நேரே மூளைக்குப் போகின்றன. மூளையை எடுத்த பிறகு பின்துளை வழியே டார்ச் அடித்தால் முன்னால் அந்தத் தட்டின் துளைகளில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பரப்பை மடித்து வைத்திருப்பதைப் பார்த்தால், நூறு அடிக்கு அப்பால் என் சட்டைக் காலர் வாசனை அதற்கு எப்படித் தெரிகிறது என்பது புரியும்.

வெந்த சவ்வு கண்ணாடி மாதிரியான ஜெல்லியாக மாறியிருக்கும். இடுக்கியால் இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் சவ்வோடு சுருளும் வரும். நான் செய்வது இது: ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து, வாயண்ணத்துக்குப் பின்னால் மூக்கு திறக்கும் இடத்தில் வைத்து, முன்பக்கமாகத் தண்ணீரைத் தள்ளுவேன். மானுக்கு அந்தப் பின்வாசல் இரண்டாகப் பிரிந்திருக்கும், நடுவில் ஒரு மெல்லிய எலும்புச் சுவர். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக விட வேண்டும். ஜெல்லி தானாக நழுவி முன்னால் வரும்போது மட்டும் இடுக்கியால் பிடித்துக்கொள்வேன். வராததை விட்டுவிடுவேன். நடுவே இருக்கும் குருத்தெலும்புத் தடுப்பு வெந்து கழன்றுவிடும், அது போகட்டும், அது எலும்பு இல்லை.

வராமல் நிற்கும் மீதியைக் கரைக்க என்சைம் கலந்த சலவைத் திரவம் நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கலந்து தலையைச் சில நாள் ஊறப்போட்டால் இடுக்கி எட்டாத மடிப்புகளிலும் அது போய் வேலை செய்யும். பிறகு மறுபடியும் சிரிஞ்ச். வாளித் தண்ணீரைக் கொட்டும் முன் ஒரு சல்லடையில் வடிகட்டுங்கள். நாசி எலும்புகள் இரண்டும் மண்டையிலிருந்து கழன்று வருவது சகஜம், அவற்றைத் துணியில் வைத்து இடது, வலது என்று எழுதி உலரவிடுங்கள். பல்லும் விழும். ஒவ்வொரு பல்லும் அதனதன் குழியில் மட்டும்தான் சரியாக உட்காரும், அதனால் குழம்ப வேண்டியதில்லை.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பார்கள். முடிக்கலாம்தான், மூக்கைப் பலி கொடுத்து. பிடரிப் பக்கத்துக்குத் தூரத்திலிருந்து அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூக்கை ஒரு சிறு சுருள்கூடப் போகாமல் காப்பாற்ற நிஜமாகவே சிறந்த வழி வேறொன்று, வண்டு. டெர்மெஸ்டிட் வண்டின் புழுக்கள் காய்ந்த சதையை மட்டும் தின்று எலும்பை விட்டுவிடும். சிகாகோவின் ஃபீல்ட் மியூசியம் போன்ற இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் இதற்கென்றே வண்டுக் கூட்டம் வளர்க்கின்றன. எலியின் எலும்புக்கூட்டைக்கூட முழுசாக எடுத்துத் தரும். ஆனால் கம்பளித் துணி, தோல் சாமான், பதப்படுத்திய விலங்குகள் எதையும் அவை விட்டுவைக்காது. தப்பிய வண்டுகள் அருங்காட்சியகங்களுக்கே தலைவலி. வீட்டில் வளர்க்கச் சொல்ல மாட்டேன். கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டில் சுத்தம் செய்து கொடுப்பவர்கள் நிறைய ஊர்களில் இருக்கிறார்கள். இன்னொரு வழி, தண்ணீரில் அழுகவிடுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரம் கிடந்தால் பாக்டீரியா எல்லாவற்றையும் தின்றுவிடும், எலும்பு சூடே காணாததால் தரமும் உயர்ந்ததாக இருக்கும். நாற்றத்தைத் தாங்க அக்கம்பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

சதை போன பிறகு கொழுப்பு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, கலங்கினால் மாற்றி, கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை தொடர வேண்டியதுதான். கரடி, காட்டுப்பன்றியோடு ஒப்பிட்டால் மானுக்குக் கொழுப்பு குறைவு, சீக்கிரம் முடியும்.

வெளுப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும். ப்ளீச் வேண்டவே வேண்டாம். பானையில் சலவை ப்ளீச் ஊற்றுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன், மனசு பதறும். அன்றைக்குப் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ப்ளீச் எலும்பின் புரத நாரை அரித்துவிடும், கழுவினாலும் உள்ளே போனது முழுசாக வெளியே வராது. நாளாக நாளாக எலும்பு சாக்கட்டி போல உதிரும், முதலில் உதிர்வது மூக்கு. பெராக்சைடு வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், எலும்பில் எதையும் விட்டுவைக்காது.

இதிலும் இரண்டு வழி. சலூன்களில் முடி வெளுக்கப் பயன்படுத்தும் 40 வால்யூம் கிரீம், அதாவது 12 சதவீதம், அதைப் பிரஷால் பூசி, கிளிங் ராப் சுற்றி, கதகதப்பான இடத்தில் ஒரு நாள் வைப்பது ஒன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதத் திரவத்தில் கொம்படி வரை முக்கி வைப்பது மற்றொன்று. முதல் வழி விரைவானது, ஆனால் பிரஷ் மூக்குக்குள் போகாது. திரவம் தானே உள்ளே போகும். அதனால் நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்வேன், பாட்டில் நிறைய வாங்க வேண்டியிருந்தாலும் சரி. பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள், உலோகத்தில் வேண்டாம். இறுக்கி மூடாதீர்கள், ஆக்சிஜன் வெளியேற வழி வேண்டும். 12 சதவீதக் கிரீம் கையில் பட்டால் தோல் வெந்து வெள்ளையாகிவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து. எந்த வழியானாலும் கொம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டு நிறம் போய்விட்டால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை மெல்லத் தொட்டுத் தொட்டுப் பூசிப் பழுப்பைத் திரும்பக் கொண்டுவரலாம்.

காகித வெள்ளை வரும்வரை வெளுப்பவர்கள் உண்டு. எனக்கு எலும்பு எலும்பு நிறத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் பாலாடை நிறம். அப்போதுதான் மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அந்த வளைந்து நெளிந்த தையல் கோடுகள் தெளிவாகத் தெரியும். கழுவி, வெயில் நேராகப் படாத இடத்தில் நன்றாக உலரவிட்டு, கழன்ற நாசி எலும்பையும் பல்லையும் சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டினால் போதும். வார்னிஷ் பளபளப்பு எதுவும் அடிக்க மாட்டேன்.

ஊரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தபோது இது மேஜையில் உலர்ந்துகொண்டிருந்தது.

“என்னடா அது, செத்த தலைய யாராவது வீட்டுல மாட்டுவாங்களா?”

“கராஜுலதாம்மா மாட்டப் போறேன்.”

“எங்க மாட்டினா என்ன, தலை தலைதானே.”

போனைக் கிட்டே கொண்டுபோய் மூக்குக்குள் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். “இவ்ளோ மெல்லிசா இருக்கே, உடையாம எப்படிடா எடுத்த?” என்று கேட்டார். அதன் பிறகு அரை மணி நேரம் சிரிஞ்ச், சூடு, பெராக்சைடு என்று நான் பேச, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டக் கூடாது என்ற கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவது குற்றம். அவற்றின் கொம்பையும் தலையையும் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றமே. மான் தானாக உதிர்த்த கொம்பு காட்டில் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. அந்தச் சட்டம் இருப்பது எனக்குச் சந்தோஷம். எங்கள் பக்கத்தில் மான் மிகுந்து வயலும் இளங்காடும் தாங்காமல் போவதால் வேட்டையே மேலாண்மையின் பகுதியாக இருக்கிறது. அந்த நிலைமையும் இந்த நிலைமையும் ஒன்றில்லை. எலும்பு சுத்தம் செய்து பழக ஆசை இருந்தால் கறிக்கடையில் ஆட்டுத்தலை வாங்கிச் செய்து பாருங்கள். அதன் மூக்குச் சுருளும் பார்க்க வேண்டியதே.

எடுத்து வைக்கச் சொன்ன கீழ்த்தாடைக்கு வருகிறேன். கொம்பின் முனைகளை எண்ணி மானின் வயதைச் சொல்ல முடியாது. கொம்பு ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் புதிதாக முளைப்பது. தீனியும் உடல்நலமும் அதில் கலந்திருக்கும். வயது தெரிவது கடைவாய்ப் பல்லில். தாடையின் முன்னிருந்து எண்ணினால் மூன்றாவது கடைவாய்ப் பல், குட்டியாக இருக்கும்போது மூன்று மேடுகளோடு இருக்கும். ஏறக்குறைய ஒன்றரை வயதில் அது விழுந்து இரண்டு மேடுள்ள பல் முளைக்கும். அதற்கப்புறம் தேய்மானத்தை வைத்துக் கணிப்பார்கள், 1949இல் நியூயார்க்கைச் சேர்ந்த செவரிங்ஹாஸ் வகுத்துக் கொடுத்த முறை. பல்லின் நடுவே தெரியும் பழுப்புக் கோடு, இரு ஓரத்து வெள்ளை எனாமலைவிட அகலமாகிக்கொண்டே போனால் மானுக்கு வயது கூடுகிறது என்று பொருள். என்னுடைய மானுக்கு மூன்றரை இருக்கும் என்று பண்ணைக்காரர் தாடையை விரலால் தடவியே சொன்னார். தாடையையும் அதே தண்ணீரில் சுத்தம் செய்து, தேதியும் இடமும் எழுதி மண்டையோட்டுக்குப் பின்னால் தொங்கவிடலாம். முன்பல் எட்டும் கீழ்த்தாடையில்தான் இருக்கின்றன. மேலே முன்பல்லே கிடையாது, வெறும் ஈறுத் திட்டு. மானுடைய பற்களைக் காட்ட வேண்டுமென்றால் தாடை இல்லாமல் முடியாது.

மாட்டும் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வெயில் படும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், கொம்பு வெளிறிவிடும். எலி, அணில் வரும் இடம் வேண்டாம், சுண்ணாம்புச் சத்துக்காகக் கொம்பையே கொறித்துவிடும். ரொம்ப உயரத்தில் ஆணி அடிக்காதீர்கள். ஆள் கிட்டே நின்று டார்ச் அடித்துப் பார்க்கிற உயரம் போதும்.

இந்தப் பருவத்தில் தலையை ஃப்ரீசரில் போட்டு வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். ஆனால் கோடைவரை விட்டால் மேல்சதை காய்ந்து எலும்போடு ஒட்டிக்கொள்ளும், அதைக் கழற்ற அதிகச் சூடு கேட்கும். பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் மெதுவாகக் குளிர்ந்த தண்ணீரிலேயே உருகவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தெர்மாமீட்டரும் சிரிஞ்சும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.